கல்லுமலையும் ஒரு காலத்தில் கடல்

தைப்பூசத்தன்று புந்தோங் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படும் காவடிகள் ஈப்போ நகரைக் கடந்து குனோங் சீரோ கல்லுமலை முருகன் சந்நிதிக்குப் போய்ச் சேர்கின்றன. அந்த மலை சுண்ணாம்புக்கல் மலை. 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே கிடந்த வெதுவெதுப்பான கடலில் வாழ்ந்த சிப்பி, நத்தை, பவளம் போன்ற உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து, இறுகி, பின்னர் நிலத்தோடு மேலெழுந்த கல் அது. குனோங் ராப்பாட், குனோங் லாங், கோப்பேங் பக்கத்துக் குவா தெம்புருங் எல்லாம் அதே வகைதான். கடலே இல்லாத ஊர் என்று நாம் நினைக்கும் ஈப்போ, பழைய கடலடியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கடல் முகாம் நடத்த நினைக்கும் சங்கங்களும் ஆசிரியர்களும் தங்கள் முதல் பாடத்தை இந்த மலையடியில் தொடங்க வேண்டும், இரண்டாவது பாடத்தைப் பேராக்கின் சேற்றுக்கரையில் நடத்த வேண்டும், இரண்டையும் தமிழில் நடத்த வேண்டும் என்பது என் வாதம்.

இப்போது கடல் முகாம் என்ற பெயரில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? மண்டபத்துச் சுவரில் நீலத்தாள் ஒட்டுகிறார்கள். காகிதத்தட்டில் நூல் தொங்கவிட்டு ஜெல்லி மீன் செய்கிறார்கள். பெங்குவினுக்கும் திமிங்கலத்துக்கும் வண்ணம் தீட்டுகிறார்கள். மதியம் நாசி லெமாக் பொட்டலம், மாலையில் சான்றிதழ், படம், கைதட்டல். இவையெல்லாம் கோடை விடுமுறை உள்ள குளிர்நாடுகளில் தயாரான மாதிரிகள். நமக்குக் கோடையும் கிடையாது, பெங்குவினும் கிடையாது. வண்ணம் தீட்டுவதைக் குறை சொல்லவில்லை. சிறு பிள்ளைகளுக்கு அது வேண்டியதுதான். ஆனால் காலைச் சந்தையில் அம்மா கிலோ கணக்கில் வாங்கி வரும் கெராங் சிப்பி பேராக் சேற்றில்தான் விளைகிறது என்று தெரியாத பிள்ளைக்குப் பெங்குவின் வாழும் கண்டத்தின் பெயரை மனப்பாடம் செய்ய வைப்பதைக் கடல் கல்வி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மலையடியில் செய்யக்கூடிய பாடத்துக்குப் பெரிய செலவில்லை. உதிர்ந்து கிடக்கும் ஒரு சிறு சுண்ணாம்புக்கல்லை ஆணியால் சுரண்டி, அந்தப் பொடியின் மேல் சமையலறை வினிகரைச் சில சொட்டு விட்டால் நுரைக்கும். இன்னொரு தட்டில் சாப்பிட்டு மிஞ்சிய கெராங் ஓட்டைப் பொடித்து அதே வினிகரை விட்டால் அதுவும் நுரைக்கும். கல்லும் ஓடும் ஒரே பொருள் என்பதைப் பிள்ளை தன் காதால் கேட்டுவிடும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஈப்போ மலைகளில் பெரும்பகுதி நிலத்தின் சூட்டிலும் அழுத்தத்திலும் சலவைக்கல்லாக மாறிவிட்டது. ஆகவே கண்ட கல்லிலெல்லாம் சங்கு தெரியும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டக்கூடாது. கம்பார் பக்கத்துப் பழைய ஈயச் சுரங்கத்தில் புதைபடிவங்கள் கிடைத்ததைப் படமாகக் காட்டலாம். கிந்தா பள்ளத்தாக்கு 2018இல் தேசியப் புவிப்பூங்கா ஆனபோது நாம் அதைச் சுற்றுலாச் செய்தியாகப் படித்து மறந்துவிட்டோம்; அது நம் தமிழ்ப்பள்ளிகளின் வாசலில் கிடக்கும் பாடநூல். அங்கிருந்து கிந்தா ஆற்றைப் பார்க்கச் சொன்னால் போதும், அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள். ஈப்போவின் ஊடே ஓடும் அந்த ஆறு பேராக் ஆற்றில் கலந்து, பாகான் டத்தோ பக்கம் கடலில் விழுகிறது. நம் சாக்கடையில் வீசிய நெகிழிப் பையும் அதே பாதையில்தான் போகிறது.

இரண்டாவது பாடத்துக்குக் கோலா செப்பெத்தாங். தைப்பிங்கிலிருந்து அரைமணி நேரப் பயணம்கூட இல்லை. அன்று போர்ட் வெல்ட் என்று பெயர். மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து வந்து நின்ற இடம். மாத்தாங் அலையாத்திக் காடு இங்கேதான் இருக்கிறது. ஏறத்தாழ 40,000 ஹெக்டர். 1902 தொடங்கி நூறாண்டுக்கும் மேலாகக் கணக்கு வைத்து வளர்த்து வெட்டும் காடு. வெள்ளைமணல் இல்லை, அலைச்சத்தம் இல்லை. நீர் வற்றிய நேரத்தில் பலகைப்பாதையில் நின்று குனிந்தால், சேற்றிலிருந்து பென்சில் முனைகளைப் போல ஆயிரக்கணக்கில் வேர்கள் மேல்நோக்கி நிற்பது தெரியும். காற்றில்லாத சேற்றில் மூச்சுவிட அந்த மரம் கண்ட வழி அது. பக்கத்தில் பாக்காவ் மரத்தின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். முற்றியதும் கழன்று செங்குத்தாய் விழுந்து சேற்றில் குத்தி நிற்கும், அல்லது நீரோடு போய் வேறு கரையில் ஊன்றும். கீழே விழுந்து கிடப்பதில் ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து, அதே மரத்தை எரிக்கும் கரிச்சூளைக்கு அழைத்துப் போகலாம். கவிழ்த்த சட்டி போன்ற செங்கல் சூளைக்குள் ஏறக்குறைய ஒரு மாதம் வெந்து கரியாகும் அந்தக் கட்டையின் வயது சுமார் 30. கையில் இருக்கும் குச்சிக்கும் சூளையில் இருக்கும் கட்டைக்கும் நடுவே 30 ஆண்டு. பால்மரத்தை நட்டு, ஏழெட்டு ஆண்டு காத்து, காலமெல்லாம் சீவி, பிறகு வெட்டிவிட்டு மறுநடவு செய்ததைக் கண்ட தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் புரியவைப்பது கடினமே இல்லை. தோட்டத்து அறிவை அலையாத்திக் காட்டுக்குக் கொண்டுவரும் பாலம் நம்மிடம் தயாராக இருக்கிறது; சுவரில் ஒட்டிய நீலத்தாளுக்கு இந்த வசதி கிடையாது.

இதற்கு முதல் மறுப்பு பெற்றோரிடமிருந்து வரும்: தண்ணீர் என்றால் ஆபத்து. இதை அச்சம் என்று சிரித்து ஒதுக்கக் கூடாது. ஈயக்குட்டைகளும் ஆறுகளும் நிறைந்த மாநிலம் இது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் 2021இல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் கணிசமானோர் சிறுவர்கள். ஆனால் அந்த அச்சத்துக்கு நாம் கொடுத்த பதில் என்ன? நீர்ப்பக்கம் போகாதே என்ற ஒற்றை வார்த்தைதான். அது பலிப்பதில்லை, ஏனென்றால் பத்து வயதுப் பையன் யாருக்கும் சொல்லாமல் குட்டைக்குப் போகத்தான் செய்வான். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வங்கக் கடலைத் தாண்டி வந்த பரம்பரை நாம். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ரஜூலா கப்பலின் பெயர் இன்னும் பழைய குடும்பங்களில் புழங்குகிறது. இறங்கிய பிறகு லயத்துக்கும் பால்மரத்துக்கும் நடுவே அடைபட்டதில், கடல் என்பது ஆண்டுக்கொரு முறை பேருந்து பிடித்துத் தெலுக் பாத்தேக்கில் குளிக்கும் இடமாகச் சுருங்கிவிட்டது. நான் சொல்லும் முகாமில் பிள்ளை கடலில் இறங்கவே வேண்டாம். பலகைப்பாதை, படகில் ஏறினால் உயிர்காப்பு அங்கி, பெரியவர் ஒருவருக்கு இத்தனை பிள்ளைகள் என்ற கண்டிப்பான கணக்கு. அதோடு நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்ற அட்டவணையைப் பிள்ளைகளையே வாசிக்க வைப்பது. நம் கரையில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி இறங்குகிறது. விடியலில் சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்று திடீரென்று வரும் மாதங்களும் உண்டு. இவற்றை அறிந்த பிள்ளை, அறியாத பிள்ளையைவிடப் பாதுகாப்பாக இருக்கும்.

ஒரு நாள் முகாமில் என்ன கற்றுவிட முடியும் என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ஒரே நாளோடு நின்றால் ஒன்றும் கற்க முடியாது என்று ஒப்புக்கொள்கிறேன். சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் செய்துவருவதைப் பார்க்க வேண்டும். ஆண்டின் முதல் சில மாதங்கள், முட்டையிடும் பருவத்தில், இளைஞர்கள் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடி எடுத்து வேலியிட்ட இடத்தில் புதைக்கிறார்கள். பொதுமக்களும் பிள்ளைகளும் ஓர் இரவு கூட நடக்கலாம். வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஓர் இரவோடு போய்விடுவார்கள். சிலர் மறுவாரமும் வருவார்கள். அந்தச் சிலர்தான் அடுத்த ஆண்டு வழிநடத்துகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது நிற்பதற்கு, ஒவ்வொரு பருவத்திலும் கற்றவர் கற்பிப்பவராக மாறுவதே காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே நம் முகாமை எடைபோடும் அளவுகோல் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்பது அல்ல, பதினைந்து வயதில் எத்தனை பேர் உதவியாளராகத் திரும்பி வந்தார்கள் என்பதுதான். முகாமை வழிநடத்துபவர் அதிகம் பேசாதவராக இருப்பது நல்லது. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியர் பயிற்சி பெறும் மாணவர்களுக்கு இது நல்ல களம். கரும்பலகை இல்லாத இடத்தில் வாய்மூடிப் பிள்ளையைப் பார்க்க விடுவது ஆசிரியர் தொழிலிலேயே கடினமான பயிற்சி. இன்னொன்றையும் அவர்கள் உறுதியாகச் செய்ய வேண்டியிருக்கும். பேராக்கில் செகாரிக் கரையில் மீன்வளத்துறையின் ஆமைக் காப்பகம் இருக்கிறது, பச்சை ஆமைகள் அந்தப் பக்கம் முட்டையிடுகின்றன. அங்கே போனால் ஆமைக்குஞ்சைக் கையில் ஏந்திப் படம் எடுக்க எல்லோரும் துடிப்பார்கள். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு ஆழ்கடலுக்கு நீந்திச்சேரச் சேர்த்துவைத்திருக்கும் பலம் கொஞ்சம்தான், படத்துக்காக அதைச் செலவழிக்க வைக்கக்கூடாது. மணலின் சூடே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடும் என்ற ஒரு செய்தி, அந்தப் படத்தைவிட நெடுநாள் பிள்ளையோடு இருக்கும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பேருந்து வாடகை, படகு, உணவு, இதற்கு மேல் பெரிய செலவு இல்லை. விடுமுறைதோறும் நடக்கும் தன்முனைப்பு முகாம்களின் ஒலிபெருக்கி, மேடைச் செலவில் இதை நடத்திவிடலாம். கல்விக்கு உதவுமா என்ற கேள்விதான் கனமானது. வேலைவாய்ப்பைக் காட்டிப் பதில் சொல்வது எளிது. லுமுட்டில் கடற்படைத்தளமும் கப்பல் கட்டும் துறையும் இருக்கின்றன, கடல்சார் பொறியியல் கற்பிக்கும் உயர்கல்வி நிலையம் அங்கேயே இருக்கிறது. மாத்தாங் கழிமுகத்தில் ஓங்கில் எனும் டால்பின்களை ஆராயும் மாரெசெட் அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர் முனைவர் லூயிசா பொன்னம்பலம்; அந்தப் பெயரைப் பள்ளிச் சுவரில் எழுதிவைத்தால் பெண்பிள்ளைகளுக்குத் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பத்து வயதுப் பிள்ளையிடம் வேலையைக் காட்டிக் கடலை விற்பது எனக்கு உடன்பாடில்லை. ஆறாம் ஆண்டுத் தேர்வு ஒழிந்து சில ஆண்டுகள் ஆகின்றன, கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. அதை மீண்டும் இன்னொரு டியூஷனால் நிரப்ப வேண்டாம்.

கடைசி மறுப்பு மொழியைப் பற்றியது, தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலை ஆங்கிலத்தில் நடத்தும் இருமொழித் திட்டம் கிளப்பிய சச்சரவின் தொடர்ச்சி அது. கடல் அறிவியலுக்குத் தமிழில் சொல் எங்கே என்கிறார்கள். நெய்தலைத் தனித் திணையாக வகுத்த மொழி இது. டால்பினுக்கு ஓங்கில், கடற்பசுவுக்கு ஆவுளியா, நீரேற்றத்துக்கு ஓதம் என்று சொல்லிவந்தவர்கள் நம் கரையோர மக்கள். தமிழ்நாட்டுப் பாக் விரிகுடாவில் 2022இல் இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகத்தை அறிவித்தபோது செய்தித்தாள்கள் ஆவுளியா என்ற பெயரையும் சேர்த்தே எழுதின. ஆங்கிலப் பெயரையும் மலாய்ப் பெயரையும் பிள்ளைகள் கற்கட்டும், மூன்றையும் கலந்து பேசட்டும், பேராக் பிள்ளைகள் எப்படியும் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் முதலில் கண்டதைச் சொல்லும் மொழி வீட்டு மொழியாக இருந்தால் பிள்ளை கூச்சமில்லாமல் தவறாகவும் சொல்லும், தவறிலிருந்துதான் கேள்வி பிறக்கும். ஒன்றில் மட்டும் மறுப்பாளர்கள் பக்கம் சிறிது நியாயம் உண்டு. கோலா செப்பெத்தாங் சேற்றில் துள்ளி நடக்கும், கண்கள் தலைக்குமேல் பிதுங்கிய சிறு மீனை மலாயில் பெலாச்சாக் என்பார்கள். நம் தோட்டத்துத் தமிழில் அதற்கு வழக்கமாகப் புழங்கும் பெயரைக் காணோம், ஏனென்றால் நாம் அந்தச் சேற்றோரம் போய் நின்றதில்லை. முகாமின் முதல் நாளில் பலகைப்பாதையில் பிள்ளைகளை நிறுத்தி, அந்த மீனுக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லலாம். அரைமணி நேரமாவது சண்டை நடக்கும்.