பிரேக் இடது கையில: வயர்லெஸ் கன்ட்ரோலர் பற்றி ஒரு இழை

1/ போன ஞாயிறு நைட் டூட்டி முடிச்சிட்டு நேரா அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பையனுக்கு 11 வயசு. ஹெமிபிளீஜியா வகை செரிப்ரல் பால்சி, அதாவது சின்ன வயசுலயே மூளையில ஏற்பட்ட பாதிப்பால இடது கையும் காலும் பலவீனம். அவனுக்காக ஒரு எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் கன்ட்ரோலர் வாங்கியிருந்தேன்.
பார்த்ததும் அக்கா கேட்டது: "இதுக்கு ரெண்டு கையும் வேணுமேடா. ஏன்டா புள்ளைய ஏங்க வைக்கிற?"

2/ நியாயமான கேள்விதான். இடது கட்டைவிரல் வண்டியைத் திருப்பணும், வலது ஆள்காட்டி விரல் ஆக்சிலரேட்டரை அழுத்தணும். ரெண்டு கையும் நல்லா இருக்கிறவங்களை மனசுல வச்சே செஞ்ச பொருள். ஆனா அதை மாத்த முடியும். பலருக்குத் தெரியாது, அதனாலதான் இந்த இழை.

3/ முதல்ல இணைப்பு. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுற அதே ஏஏ பேட்டரி ரெண்டு போடுங்க. நடுவுல இருக்கிற லோகோ பட்டனை அழுத்தி ஆன் பண்ணுங்க. மேல் விளிம்புல இருக்கிற குட்டி பட்டனை 3 விநாடி அழுத்திப் பிடிச்சா லோகோ வேகமா மினுக்கும். அப்போ லேப்டாப்ல ப்ளூடூத் செட்டிங்ஸ் போய்ச் சேர்த்துக்கலாம்.
பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலர்னா கிரியேட் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் ஒண்ணா அழுத்திப் பிடிக்கணும்.

4/ செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க கவனிங்க. 2016க்கு முந்தைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர்ல ப்ளூடூத் கிடையாது. அதை கேபிள் போட்டு ஓட்டலாம். ஆனா சில கேபிள் சார்ஜ் மட்டும்தான் ஏத்தும், டேட்டா போகாது. கன்ட்ரோலர் ரிப்பேர்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி கேபிளை மாத்திப் பாருங்க.

5/ பல வீடுகள்ல வேலை இதோட முடிஞ்சிடும். எங்களுக்கு இங்கதான் ஆரம்பிச்சது. விண்டோஸ்ல 'எக்ஸ்பாக்ஸ் ஆக்சஸரீஸ்'னு ஒரு இலவச ஆப் இருக்கு. அதுல எந்த பட்டன் என்ன வேலை செய்யணும்னு நாமே மாத்தலாம். ரெண்டு ஸ்டிக்கையும் இடம் மாத்தினேன். இப்போ வண்டியைத் திருப்புறது வலது கட்டைவிரல், ஆக்சிலரேட்டர் வலது ஆள்காட்டி விரல். இடது கைக்கு ஒரே ஒரு வேலை: பிரேக்.

6/ மடியில தலையணை, அதுமேல ஒரு துண்டு, அதுமேல கன்ட்ரோலர். கையால தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை, வழுக்கவும் வழுக்காது.
முதல் ரேஸ்ல ஒவ்வொரு வளைவுலயும் சுவர்ல மோதினான். அஞ்சாவது ரேஸ்ல ஒரு வளைவுக்கு முன்னாடி வண்டி மெதுவாச்சு. "மாமா, பிரேக் புடிச்சேன்!" அந்தக் கையை வழக்கமா சட்டைக்குள்ள மறைச்சு வச்சுக்கிற பையன் அவன்.
அக்கா ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "எனக்கும் சொல்லிக்குடுடா"ன்னு பக்கத்துல வந்து உக்காந்தாங்க.

7/ டாக்டரா இதையும் சொல்லிடணும். இது சிகிச்சை இல்லை. பிசியோதெரபியை நிறுத்திடாதீங்க. இந்தக் குழந்தைகள்ல பலருக்கு வலிப்பும் இருக்கும். சிலருக்கு மினுக்குற வெளிச்சமே வலிப்பைத் தூண்டிவிடும். அதனால உங்க டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க. இடையில ஓய்வு குடுங்க. கை வலிச்சா அன்னைக்கு அதோட போதும்.

8/ மாற்றுத்திறனாளிகளுக்காகவே 2018ல எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர், 2023 டிசம்பர்ல பிளேஸ்டேஷன் ஆக்சஸ் கன்ட்ரோலர் வந்துச்சு. நல்ல விஷயம். ஆனா நம்ம ஓபிக்கு வர்ற குடும்பங்களுக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. சாதா கன்ட்ரோலரே பல வீடுகளுக்கு ஆடம்பரம்தான்னும் தெரியும்.

9/ இதுல என் தப்பும் இருக்கு. இத்தனை வருஷத்துல இந்த மாதிரி குழந்தைகள்கிட்ட "நடக்குறியா? தானா சாப்பிடுறியா? மாத்திரை போடுறியா?"ன்னு கேட்டிருக்கேன். "என்னப்பா விளையாடுவே?"ன்னு ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்லை. இப்போ கேட்கிறேன். "வேடிக்கை பார்ப்பேன் சார்"ங்கிறதுதான் நிறைய வர்ற பதில்.

10/ கேரமோ, கிரிக்கெட்டோ, கன்ட்ரோலரோ, "உன்னால முடியாது"ன்னு சொல்றதுக்கு முன்னாடி எதை மாத்தினா முடியும்னு ஒரு தடவை பாருங்க. எங்க வீட்டுல ஒரே ஒரு செட்டிங்கை மாத்த வேண்டியிருந்துச்சு. ரெண்டு நிமிஷம்கூட ஆகலை.