சொல்லிவிட்டு எடுக்கட்டும்

தமிழ்நாட்டில் கந்து வட்டிக்கு எதிராக 2003-ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. தினவட்டி, மணிவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கும் பெயர்களையே சட்டத்துக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். முப்பத்தேழு வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவன் என்ற முறையில் எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம். சாதாரணமாக நம் சட்டங்கள் சனங்கள் பேசும் வார்த்தையைத் தொடவே தொடாது.

தண்டல்காரர் என்ன செய்வார்? பத்தாயிரம் ரூபாய் கடன் என்று பேசி, எட்டாயிரத்து ஐந்நூறு கையில் கொடுப்பார். நூறு நாளைக்கு, நாளொன்றுக்கு நூறு ரூபாய் வசூல். முன்கூட்டியே பிடித்துக்கொண்டது வட்டி. இது அநியாயம் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம்.

சரி. இப்போது பர்சனல் லோன் வாங்கிய யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு பையன், சானடோரியம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவன், தங்கை கல்யாணத்துக்காக 2024 டிசம்பரில் ஒரு நிதி நிறுவனத்தில் 2 லட்சம் வாங்கினான். வருஷத்துக்கு 13 சதவீதம், 36 தவணை, மாதம் 6,739 ரூபாய். கைக்கு வந்தது 1,91,480. பிராசசிங் கட்டணம் 4,000, அதன் மேல் ஜி.எஸ்.டி. 720, இன்ஷூரன்ஸ் 3,800 போக மீதி. வட்டி மட்டும் முழு 2 லட்சத்துக்கு. தண்டல்காரருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், இவர்கள் ரசீது கொடுக்கிறார்கள்.

அதைக்கூட நான் விட்டுவிடுவேன். கையெழுத்துப் போடும்போது அந்த எண்கள் காகிதத்தில் இருந்தன. என் சண்டை அதற்குப் பிறகு நடந்ததோடுதான்.

சில மாதங்களுக்கு முன் அவன் பாஸ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். "சார், நான் பணம் போட்டுத்தான் வெச்சிருந்தேன் சார். ஆனா பவுன்ஸ்னு சொல்றாங்க." பழைய பழக்கம், ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். மூன்றாம் தேதி கணக்கில் 6,900 ரூபாய் இருந்தது. தவணை ஐந்தாம் தேதி. 161 ரூபாய் உபரி. ஆனால் நான்காம் தேதி, அவன் கணக்கு வைத்திருக்கும் வங்கி ஏ.டி.எம். கார்டுக்கான ஆண்டுக் கட்டணம் என்று 250 ரூபாயும் ஜி.எஸ்.டி. 45 ரூபாயும், ஆக 295 ரூபாய் எடுத்துக்கொண்டது. மீதி 6,605. மறுநாள் தவணைக்கு 134 ரூபாய் குறைந்தது. இ.சி.எஸ். திரும்பியது.

திரும்பியதற்கு வங்கி 295 எடுத்தது. கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்கு 500 போட்டது. எட்டாம் தேதி அவர்கள் மறுபடியும் இ.சி.எஸ். அனுப்பினார்கள். முதல் தடவையே 134 குறைந்த கணக்கில், 295-ஐயும் உருவிய பிறகு எப்படி இருக்கும்? மறுபடியும் திரும்பியது. மறுபடியும் 295, மறுபடியும் 500. பத்தாம் தேதி சம்பளம் வந்தது.

134 ரூபாய் ஐந்து நாள் குறைந்ததற்கு 1,590 ரூபாய். ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு. அந்த 134 குறைந்ததே வங்கி எடுத்த 295-ஆல்தான். மீட்டர் வட்டிக்காரர்கூட இந்தக் கணக்கைப் பார்த்தால் கொஞ்சம் கூச்சப்படுவார்.

அவனோடு கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "சார், அதை சிஸ்டமே எடுத்துடுது. எங்க கையில ஒண்ணும் இல்ல." மேலாளரும் அதையே சொன்னார். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்களும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். ஆனால் என் காலத்தில் எந்தக் கோப்பிலும் "சிஸ்டம்" கையெழுத்துப் போட்டதில்லை. பத்து ரூபாய் பிடித்தம் என்றாலும் ஒரு எழுத்தரின் சுருக்கொப்பம், ஒரு கண்காணிப்பாளரின் கையொப்பம், அதற்கு முன்னால் ஊழியருக்கு ஒரு குறிப்பாணை. "இந்த இந்தக் காரணத்தால் இவ்வளவு தொகை உங்களுக்கு அதிகமாகக் கொடுக்கப்பட்டுள்ளது, ஏன் பிடித்தம் செய்யக்கூடாது என்பதற்கு விளக்கம் தரவும்." எத்தனை ஆயிரம் தடவை இந்த வாக்கியத்தை எழுதியிருப்பேனோ! எங்களைத்தான் சிவப்பு நாடா என்று ஊரே கேலி செய்தது. அந்த நாடாவுக்குள் ஒரு நியாயம் இருந்தது: ஒருவன் பணத்தில் கை வைப்பதற்கு முன் அவனிடம் சொல்.

உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு படி மேலே போனது. பஞ்சாப் மாநிலம் எதிர் ரஃபீக் மஸீஹ் வழக்கில், 2014 டிசம்பரில் வந்த தீர்ப்பு. அரசு தவறுதலாக அதிகம் கொடுத்துவிட்ட பணத்தைக்கூட, கீழ்நிலை ஊழியர்களிடமிருந்தும் ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும் திரும்பப் பிடிக்கக்கூடாது என்று சொன்னது. காரணம், அவர்களுக்கு ஏற்படும் கஷ்டம் அரசுக்குக் கிடைக்கும் பணத்தைவிடப் பெரியது. அரசாங்கத்துக்கே அப்படியென்றால், வங்கிக்கு மட்டும் கேட்காமல் எடுக்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

1999 வரை இந்தியன் பேங்க்ஸ் அசோசியேஷன் ஒரு பொதுக் கட்டண அளவை வகுத்து வந்தது. அந்த வழக்கத்தை நிறுத்தி, எந்தச் சேவைக்கு எவ்வளவு என்பதை அந்தந்த வங்கியின் இயக்குநர் குழுவே முடிவு செய்யலாம் என்று விட்டார்கள். அப்போது பிடித்தது இந்தச் சளி.

ரிசர்வ் வங்கி சும்மா இருந்தது என்று நான் சொல்லவில்லை. 2014 நவம்பரில் மினிமம் பேலன்ஸ் பற்றி ஒரு சுற்றறிக்கை போட்டது. அதைப் படித்தால் எழுதியவருக்கு நம்மைப் போல மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திய அனுபவம் இருக்கும் என்று தோன்றும். இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும். சரிசெய்ய ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். கட்டணம், குறைந்த தொகைக்கு ஏற்ற விகிதத்தில்தான் இருக்க வேண்டும். கட்டணம் போட்டதாலேயே கணக்கு மைனஸில் போகக்கூடாது. நான்கும் நல்ல விதிகள். ஆனால் இவை மினிமம் பேலன்ஸுக்கு மட்டும்! அந்தப் பையனின் 134 ரூபாய் மினிமம் பேலன்ஸில் குறைந்திருந்தால் அவனுக்கு ஒரு மாத அவகாசம். தவணையில் குறைந்ததால் ஒரு நாள்கூட இல்லை.

2023 ஆகஸ்டில் இன்னொரு சுற்றறிக்கை. தவணை தவறினால் அபராதத்தை வட்டியோடு சேர்க்கக்கூடாது, தனிக் கட்டணமாகவே போட வேண்டும், அதன் மேல் மறுபடி வட்டி ஏற்றக்கூடாது, இதை வருமானம் பெருக்கும் வழியாக வைத்துக்கொள்ளக்கூடாது என்றது. 2024 அக்டோபரிலிருந்து வரும் தனிநபர் கடன்களுக்கு எல்லாக் கட்டணங்களையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். தாளில் இல்லாத கட்டணத்தைக் கடன்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வாங்கக்கூடாது. அந்தப் பையனின் தாளை நான் பார்த்தேன். பவுன்ஸுக்கு 500 என்று ஒழுங்காக இருக்கிறது. அவன் வங்கி எடுத்த 295 அதில் இல்லை, இருக்கவும் முடியாது. அது வேறு நிறுவனம், வேறு கணக்கு. இரண்டு வீட்டுக்காரரும் தத்தம் வாசலை மட்டும் பெருக்கிவிட்டு நடுவில் இருக்கும் சாக்கடையை எனக்கில்லை என்கிறார்கள். விழுகிறவன் நடுவில்தான் விழுகிறான்.

நம் பக்கத்தில் இது எத்தனை பேருக்கு நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி வரை ஒப்பந்த வேலைக்காரர்கள். ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போனால் புதிதாக ஒரு சம்பளக் கணக்கு. பழைய கணக்கில் தவணை ஓடிக்கொண்டிருக்கும். சில மாதம் சம்பளம் வராவிட்டால் பல வங்கிகள் அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும், சம்பளக் கணக்கின் சலுகைகள் போய்விடும். பிறகு எது எப்போது எவ்வளவு எடுக்கும் என்று பையன்கள் எஸ்.எம்.எஸ். பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். எடுத்த பிறகு வரும் எஸ்.எம்.எஸ். அது. எஸ்.எம்.எஸ்ஸுக்கும் கட்டணம் உண்டு.

வங்கிக்கும் செலவு இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். ஸ்டேட் வங்கி 2017 ஏப்ரலில் மினிமம் பேலன்ஸ் அபராதத்தை மறுபடி கொண்டுவந்தது. நவம்பர் வரை எட்டு மாதத்தில் 1,771 கோடி வசூல். அந்த ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் அதன் நிகர லாபமே 1,581 கோடிதான். பெரிய கூச்சல் எழுந்தது, அபராதத்தைக் குறைத்தார்கள், 2020 மார்ச்சில் அடியோடு எடுத்துவிட்டார்கள். வங்கி மூழ்கியதா? 2023-24-இல் அதன் லாபம் 61,000 கோடிக்கு மேல். மற்ற அரசு வங்கிகள் தொடர்ந்து வாங்கின. 2019-20 முதல் ஐந்து ஆண்டில் அரசு வங்கிகள் இந்த ஓர் அபராதத்தில் மட்டும் சுமார் 8,500 கோடி வாங்கியதாக நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார்கள். 2025-இல்தான் கனரா, பஞ்சாப் நேஷனல், நம் சென்னை இந்தியன் வங்கி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொடுத்தன. இவ்வளவு சுலபமாக விடக்கூடியது செலவு ஈடுகட்டவா வாங்கப்பட்டது?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தக் காலத்து வகுப்புத் தோழன் ஒருவன் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, இப்போது அங்கிருந்து பென்ஷன் வாங்குகிறான். இந்தக் கதையைச் சொன்னபோது அவன் சிரித்து, "உங்க ஊர் அஜியோவா?" என்றான். (துணி விற்கும் செயலி இல்லை, கணக்கில் பணம் இல்லாமல் போனால் வங்கி போடும் வட்டிக்கும் கட்டணத்துக்கும் பிரெஞ்சில் அஜியோ என்று பெயர்.) அங்கேயும் வங்கிக்காரர்கள் மகான்கள் இல்லை, அடித்துப் பிடுங்கியவர்கள்தான். ஆனால் சட்டம் கையைப் பிடித்தது. தவணை திரும்பினால் 20 யூரோவுக்கு மேல் வாங்கக்கூடாது. திரும்பிய தொகை அதைவிடச் சிறியது என்றால் அந்தத் தொகைக்கு மேலும் வாங்கக்கூடாது. இருப்பு இல்லாத கணக்கைக் கையாளும் கட்டணம் ஒரு தடவைக்கு 8 யூரோ, மாதத்துக்கு 80. வசதி குறைந்தவர்களுக்கு அதுவே 4, மாதம் 20. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, இந்த மாதிரிக் கட்டணத்தை எடுப்பதற்குக் குறைந்தது 14 நாள் முன்னால் இவ்வளவு எடுக்கப்போகிறோம் என்று கணக்குத் தாளில் எழுதி அனுப்ப வேண்டும். 2016 முதல் அப்படி. குறிப்பாணைதான் அது! பாரிஸில் உட்கார்ந்து எங்கள் அலுவலக நடைமுறையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"படிக்காமல் கையெழுத்துப் போட்டால் யார் பொறுப்பு?" என்று படித்த நண்பர்களே கேட்கிறார்கள். அந்தப் பையன் படித்தான். தவணைத் தேதி அவனுக்குத் தெரியும், தொகை தெரியும், இரண்டு நாள் முன்பே பணமும் வைத்தான். வேறு என்ன செய்திருக்க வேண்டும்? கார்டுக் கட்டணம் எந்த வாரத்தில் கிளம்பி வரும் என்று சோழி உருட்டிப் பார்த்திருக்க வேண்டுமா? இதில் சட்டம் வேறு அவன் தலைக்கு மேல் தொங்குகிறது. இ.சி.எஸ். திரும்பினால் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் செக் மோசடி போலவே சிறைத் தண்டனை வரை உண்டு என்று வசூல் செய்கிறவர்கள் போனில் சொல்லியிருக்கிறார்கள். பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் அம்மா சொன்னார். இருப்பைக் குறைத்தது வங்கி, சிறைப் பயம் இவனுக்கு.

நான் கேட்பது தர்மம் இல்லை. 2014-இல் மினிமம் பேலன்ஸுக்குப் போட்ட அந்த நான்கு விதிகளை எல்லாக் கட்டணத்துக்கும் போடுங்கள். எடுப்பதற்கு முன் தேதி போட்டுச் சொல்லுங்கள். தவணை ஓடும் கணக்கில், தவணை போன பிறகு கார்டுக்கு எடுங்கள். ஒரே தவணை எத்தனை தடவை திரும்பினாலும் கட்டணம் ஒன்று. கணினிக்கு இது பெரிய வேலையா? 134 ரூபாய் குறைந்ததை நொடியில் கண்டுபிடிக்கிற கணினி அது.

இரண்டு இடத்துக்கும் கடிதம் எழுதி, நகலில் முத்திரை வாங்கினோம். முத்திரை போட அரை மணி நேரம் யோசித்தார்கள், நானும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு இப்படி நடந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனுக்குப் போகலாம், ஒரு பைசா செலவு இல்லை, 14448-இல் விவரம் தமிழிலும் சொல்வார்கள். நிதி நிறுவனம் இரண்டாவது 500-ஐத் திருப்பிக் கொடுத்தது. வங்கி, "எங்கள் கட்டண அட்டவணைப்படியே எடுக்கப்பட்டது" என்று ஒரு வரி அனுப்பியது. ஆம்பட்ஸ்மேனுக்கு மனு போயிருக்கிறது, பார்க்கலாம்.

இதற்கிடையில் சம்பளம் பத்தாம் தேதி வருவதால் தவணையை ஐந்திலிருந்து பன்னிரண்டுக்கு மாற்றித் தரும்படி அந்தப் பையன் நிதி நிறுவனத்தைக் கேட்டிருந்தான். போன வாரம் பதில் வந்தது. மாற்றலாமாம். அதற்குக் கட்டணம் 500 ரூபாயாம்.