பிரபுவின் மகனுக்கு ஒரு வழக்கு



வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகப் படி ஏறி இறங்கியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். லண்டனில் பிரபுக்கள் சபையின் படியேறிய ஒரு வங்காளி வாரிசின் கதையை அண்மையில் படித்தேன். உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சத்யேந்திர பிரசன்ன சின்ஹா கல்கத்தாவின் பெரிய வக்கீல். 1909இல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினராக அமர்ந்தார். அந்தச் சபையில் இடம்பெற்ற முதல் இந்தியர் அவர்தான். 1915இல் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1919இல் பிரிட்டிஷ் அரசு அவரை இந்திய விவகாரத் துணை அமைச்சராக்கியது. பிரபுக்கள் சபையில் உட்கார வேண்டுமே! அதற்காக 'ராய்ப்பூர் சின்ஹா பிரபு' என்ற பரம்பரைப் பட்டமும் வந்தது. (சத்தீஸ்கர் ராய்ப்பூர் இல்லை, வங்காளத்து பீர்பூம் மாவட்டத்தில் உள்ள அவருடைய ஊர்.) இந்தியர் ஒருவருக்குப் பரம்பரைப் பிரபு பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை. அந்த ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தைப் பிரபுக்கள் சபையில் நிறைவேற்றித் தந்ததும் அவரே.

1928இல் அவர் காலமானார். பட்டம் மகன் அருண் குமாருக்குப் போக வேண்டும். ஆனால் முறையான திருமணத்தில் பிறந்த ஆண் வாரிசுக்குத்தான் அது போகும். பெற்றோரின் திருமணமோ 1880இல் இந்து முறைப்படி நடந்தது. இந்து ஆண் மறுபடியும் மணக்கலாம் என்றிருந்த காலம். அப்படி இன்னொரு மனைவிக்கு இடம் தரும் திருமணத்தைத் திருமணமாகவே ஏற்பதில்லை என்று 1866இலேயே ஆங்கில நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது அமெரிக்காவின் யூட்டாவில் மணமுடித்த ஒரு மார்மன் தம்பதியின் வழக்கு. அவர்களுக்கும் பீர்பூமுக்கும் என்ன சம்பந்தம்? சின்ஹாவுக்கு இருந்ததோ ஒரே மனைவி, கோவிந்த மோகினி. அதெல்லாம் கணக்கில் வரவில்லை. சட்டம் இடம் தந்ததா என்பதுதான் கேள்வி.

இத்தனைக்கும் இறந்தவர் வங்காளத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். பிரபுக்கள் சபையில் அவர் அமர்ந்திருந்த காலத்தில் அவருடைய திருமணத்தைப் பற்றி யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பட்டம் அவருக்கே தரப்பட்டதுதானே. மகன் என்று ஒருவர் வந்து நின்றபோதுதான் சிக்கல்.

1939இல் சபையின் சிறப்புரிமைக் குழு வழக்கை விசாரித்தது. அருண் பிறப்பதற்கு முன்பே பெற்றோர் 'சாதாரண பிரம்ம சமாஜம்' என்ற சமயச் சீர்திருத்த அமைப்பில் சேர்ந்துவிட்டார்கள். அங்கே ஒருவனுக்கு ஒருத்திதான். ஆகவே அதன் பிறகு அது ஒருதார மணமே என்று குழு ஏற்றுக்கொண்டது. அருண் இரண்டாம் சின்ஹா பிரபு ஆனார். தந்தை இறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து!

தீர்ப்பு நியாயமானது என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனாலும் ஒரு உறுத்தல். மகனைக் காப்பாற்றியது பெற்றோர் சேர்ந்த சமாஜம்; அவர்கள் ஒருவருக்கொருவர் உண்மையாக வாழ்ந்த வாழ்க்கை அல்ல. அவர்கள் சமாஜத்தில் சேராமலே, அதே வீட்டில், அதே ஒற்றை மனைவியோடு வாழ்ந்திருந்தால்? குழு அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்