சூரிச் ஓடுபாதைகள் சந்திக்கும் இடத்தில் யார் குற்றவாளி?

சுவிஸில் ஒரு உறவினராவது இல்லாத குடும்பங்கள் வடக்கில் குறைவு. அவர்கள் வந்துபோகும் சூரிச் விமான நிலையத்தில் பணியாற்றிய கட்டுப்பாட்டாளர் ஒருவர், எவருக்கும் ஒரு கீறல்கூட விழாத ஒரு சம்பவத்துக்காக நீதிமன்றங்களில் ஏறி இறங்கினார். இறுதித் தீர்ப்பு வர எட்டு ஆண்டுகளுக்கு மேலாகியது. பொறுப்புக்கூறல் என்ற சொல்லை வாரந்தோறும் எழுதிக்கொண்டிருக்கும் நான் அந்த வழக்கை ஆர்வத்தோடு வாசித்தேன்.

சூரிச்சில் மூன்று ஓடுபாதைகள் உள்ளன. அவற்றில் 16, 28 எனக் குறிக்கப்படும் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. (இந்த எண்கள் திசையைச் சொல்பவை. 28 என்றால் 280 பாகை, அதாவது ஏறக்குறைய மேற்கு.) கட்டுநாயக்கவிலும் பலாலியிலும் ஒற்றை ஓடுபாதைதான் என்பதால் இந்தச் சிக்கல் எங்களுக்குப் புதிது. காற்று பல திசைகளில் வீசும் இடங்களிலும், நிலம் போதாத பழைய விமான நிலையங்களிலும் இப்படி அமைந்துவிடுகிறது.

விதி எளிது. ஒரு விமானம் வெட்டுமிடத்தைக் கடந்த பின்னரே, அல்லது அதற்கு முன்னால் நின்றுவிடும் என்பது உறுதியான பின்னரே, மற்றது அந்த இடத்தைத் தாண்டலாம். அமெரிக்காவில், வெட்டுமிடத்துக்கு முன்பே நிறுத்தும்படி கூறி விமானத்தை இறக்கும் நடைமுறையும் உண்டு. முடியாது என்று மறுக்கும் உரிமை விமானிக்கு இருக்கிறது.

இந்த விதி உயிரோடிருப்பது பெரும்பாலும் வானொலியில் பேசப்படும் சில சொற்களிலும், கோபுரத்தில் இருப்பவரின் நினைவிலும்தான். 2023 பெப்ரவரி 27ஆம் திகதி மாலை பொஸ்டனில் ஒரு லியர்ஜெட்டிடம், ஓடுபாதை 9இல் போய் நின்று காத்திருக்கும்படி சொல்லப்பட்டது. குறுக்கே செல்லும் 4ஆர் ஓடுபாதையில் ஜெட்புளூ பயணிகள் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. லியர்ஜெட்டிலிருந்து அந்த அறிவுறுத்தல் சரியாகத் திருப்பிச் சொல்லப்பட்டது. சொல்லிவிட்டு அது புறப்பட்டது. தரை ராடாரின் எச்சரிக்கை ஒலித்தது, கோபுரம் கூவியது. ஏறக்குறைய 30 அடி உயரம்வரை இறங்கிவிட்ட ஜெட்புளூ மீண்டும் மேலெழுந்தது. வாய் சரியாகச் சொன்னதை மனம் வேறாக எடுத்துக்கொண்டது. இத்தகைய தவறைச் சட்டப்புத்தகத்தைக் காட்டித் தடுக்க முடியாது. அன்று காப்பாற்றியது அடுத்தடுத்து வைக்கப்பட்டிருந்த மற்றப் பாதுகாப்புகள்.

சூரிச்சில் 2011 மார்ச் 15ஆம் திகதி நடந்தது கோபுரத்தின் தவறு. ஓடுபாதை 16இல் நின்ற சுவிஸ் எயர்பஸ் ஒன்றுக்குப் புறப்பட அனுமதி கொடுத்த கட்டுப்பாட்டாளர், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே 28இல் நின்ற இன்னொரு சுவிஸ் எயர்பஸ்ஸுக்கும் அனுமதி கொடுத்தார். குறுக்கே வரும் விமானத்தைக் கண்ட இரண்டாவது விமானத்தின் விமானிகள் வேகத்தைக் குறைத்து நிறுத்தினர். மற்றது பறந்து போனது.

பின்னர் வழக்கு. பொதுப் போக்குவரத்துக்கு அலட்சியத்தால் இடையூறு விளைவித்தார் என்பது குற்றச்சாட்டு. 2016இல் பூலாக் மாவட்ட நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2018இல் சூரிச் மேல் நீதிமன்றம் குற்றவாளி என்றது. 2019இல் கூட்டாட்சி உயர் நீதிமன்றம் மறுபடியும் விடுவித்தது. கட்டுப்பாட்டாளர்களின் சங்கங்கள் ஆரம்பத்திலிருந்தே சொன்ன வாதம் ஒன்றுண்டு: தவறைத் தானாக முன்வந்து சொல்பவரைக் கூண்டில் ஏற்றினால், அடுத்தவர் சொல்லமாட்டார், சொல்லாத தவறை யாரும் திருத்த முடியாது. அந்த வாதம் சரி என்பதே என் கருத்து. ஆனால் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று கேட்கும்போது அது தொண்டையில் சிக்குகிறது என்பதையும் மறைக்கமாட்டேன்.

ஏனென்றால் அதே சூரிச் வான்பரப்புக் கட்டுப்பாட்டின் கீழ், 2002 ஜூலை 1ஆம் திகதி இரவு, ஜேர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் ரஷ்யச் சிறுவர்கள். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒரு தந்தை, 2004இல் அன்றைய கட்டுப்பாட்டாளரின் வீட்டுக்கே போய் அவரைக் குத்திக் கொன்றார். அந்தத் தகப்பனின் நிலை என்னவென்று எங்கள் மண்ணில் விளக்கத் தேவையில்லை. ஆனால் அன்றிரவு அந்தக் கட்டுப்பாட்டாளர் தனியாக இரண்டு மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சக ஊழியர் ஓய்விலிருந்தார். பராமரிப்பு வேலைக்காகத் தொலைபேசி இணைப்பும் மோதல் எச்சரிக்கை வசதியும் முழுமையாக இயங்கவில்லை. 2007இல் சுவிஸ் நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் நால்வரைக் குற்றவாளிகளாகக் கண்டது. அவர்களில் மூவர் முகாமையாளர்கள். ஒருவரைத் தனியே விட்ட ஏற்பாட்டுக்குப் பொறுப்பானவர்களைத் தேடி விசாரணை மேலே ஏறியது.

இதைப் போர்க்காலக் கொலைகளோடு ஒப்பிட முடியாது. 2000 டிசெம்பரில் மிருசுவிலில் எட்டுப் பேருக்கு நடந்தது கைத்தவறு அல்ல, கொலை. அதை எந்தத் தவறு அறிக்கைப் பெட்டியிலும் போட முடியாது. அந்த வழக்கில் 2015இல் ஒரேயொரு சிப்பாய்க்கு மரண தண்டனை கிடைத்தது. 2020இல் ஜனாதிபதி மன்னிப்பில் அவரும் வெளியே வந்தார். நோக்கத்தோடு செய்தவர் தண்டிக்கப்பட வேண்டும், தவறியவரிடம் உண்மையைக் கேட்க வேண்டும். இரண்டிலும் விசாரணை கடைசி ஆளோடு நின்றுவிடுகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சூரிச்சில் அது நிற்கவில்லை. கட்டுப்பாட்டாளரின் வழக்கு ஒருபக்கம் இழுபட, ஓடுபாதைகளின் அமைப்பே ஆபத்தைக் கூட்டுகிறதா என்ற மீளாய்வும் நடந்தது. 28ஐயும் 32ஐயும் நீட்டும் திட்டத்துக்கு, 2024 மார்ச் 3ஆம் திகதி சூரிச் மாநில வாக்காளர்களில் ஏறக்குறைய 62 வீதமானோர் ஆதரவு தெரிவித்தனர். சத்தத்தைப் பற்றிய கோபம் எதிர்ப்பாளர்களிடம் அதிகம். ஆதரித்தவர்களின் முக்கிய வாதங்களில் ஒன்று பாதுகாப்பு. நீட்டினாலும் 16உம் 28உம் இப்போது வெட்டும் இடத்தில்தான் வெட்டும். அந்த இடத்தில் கோபுரத்திலிருந்து கண் வைத்திருக்க ஒருவர் தேவைப்படுவார்.