வயலுக்கு லீவு கிடையாது

ஜனவரி முதல் வாரம் நாவலூர் டீக்கடைகளில் திடீரென்று விவசாயிகள் முளைப்பார்கள். டிசம்பர் வரை சிறுசேரி சிப்காட்டில் கோடிங் எழுதிக்கொண்டிருந்தவர்கள்தான். இடையில் நடந்தது ஒன்றே ஒன்று: பாலிக்கோ புக்கெட்டுக்கோ போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்திருக்கிறார்கள். முகத்தில் கடற்கரை வெயிலின் கறுப்பு இன்னும் போகவில்லை. "மச்சி, இதெல்லாம் ஒரு வாழ்க்கையா? ஊர்ல ரெண்டு ஏக்கர் இருக்கு. வேலையை விட்டுட்டு நிம்மதியா விவசாயம் பண்ணலாம்னு இருக்கேன்."

இந்தப் பேச்சைச் சிரித்துக் கடக்க எனக்கு இனி விருப்பமில்லை. விவசாயம் கஷ்டம், உனக்கு வராது என்று பயமுறுத்துவதும் என் வேலையில்லை. கஷ்டமான வேலைகளை நம் ஆட்கள் கற்றுக்கொள்வார்கள். என் சண்டை வேறு. இந்தக் கனவில் நிலம் இருக்கிறது, மனிதர்கள் இல்லை. வெளிநாட்டு வயலைச் சுற்றுலாப் பயணியாகப் பார்த்த கண்ணாலேயே சொந்த ஊரையும் பார்க்கிறது.

பாலியிலிருந்தே ஆரம்பிப்போம். நானும் போயிருக்கிறேன். 5 லட்சம் ரூபியா விசாக் கட்டணம் கட்டி, தெகல்லாலாங் படிவயல்களையும், அவற்றுக்கு முன்னால் ஊஞ்சலாடி போட்டோ எடுக்க நின்ற வரிசையையும் பார்த்தேன். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பச்சை தானாக வந்ததில்லை. அதன் பின்னால் 'சுபாக்' என்ற பாசனச் சங்கம் இருக்கிறது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் விவசாயிகள் கூடி, யார் எப்போது நடுவது, எப்போது வயலைக் காயப்போடுவது என்று முடிவெடுப்பார்கள். மேட்டுச் சுபாக்கையும் பள்ளத்துச் சுபாக்கையும் நீர்க்கோயில்கள் ஒத்துப்போக வைக்கும். 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்த அமைப்பு உருவாக்கிய நிலத்தைத்தான்.

1970களில் பசுமைப் புரட்சி அங்கே போனபோது, கோயில் அட்டவணையை விட்டுவிட்டு முடிந்தவரை அடிக்கடி நடச் சொன்னார்கள். தண்ணீர்ப் பங்கீடு குழம்பியது, புகையான் பூச்சி பெருகியது. பிறகு மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் க்ரெமருடன் சேர்ந்து 172 சுபாக்குகளைக் கணினி மாதிரியாக ஓட்டிப்பார்த்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டு அறுத்தால் பூச்சிக்குத் தொடர்ந்து தீனி கிடைக்காது, ஆனால் தண்ணீர் பத்தாது. ஆளாளுக்கு ஒரு நேரத்தில் நட்டால் தண்ணீர் பத்தும், பூச்சி வயல் வயலாக நகர்ந்து தின்னும். இரண்டுக்கும் நடுவே நல்ல விளைச்சல் தரும் புள்ளி, நீர்க்கோயில்கள் ஏற்கெனவே செய்துவந்த ஒருங்கிணைப்பை ஒட்டியே இருந்தது. 1991இல் வந்த லான்சிங்கின் புத்தகத் தலைப்பில் பூசாரிகளோடு புரோகிராமர்களும் இருக்கிறார்கள். நம்மாட்கள் படிக்கலாம். 'நேச்சர்' என்று நாம் ஸ்டோரி போட்டது உண்மையில் பல தலைமுறைக் கூட்டங்களின் மினிட்ஸ்.

நம் ஊரில் மட்டும் இது இல்லையா? நாவலூரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் உத்திரமேரூர் போய்விடலாம். அங்கே முதலாம் பராந்தகன் காலத்து, 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஏரி வாரியம் பற்றிப் பேசுகிறது. பெருமையோடு நிறுத்திக்கொள்ள முடியாது. அது நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களின் சபை. பின்னாட்களிலும் மதகைத் திறந்து மூடி, கடைமடைவரை தண்ணீரைக் கொண்டுபோன நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித்துகள். தண்ணீரைப் பங்கிட்ட கைக்கு நிலத்தில் பங்கு அநேகமாக இல்லை. 2000இல், பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கத் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது. உங்கள் ஊர் ஏரிக்குச் சங்கம் இருக்கிறதா? தலைவர் யார்? "நிம்மதியா விவசாயம்" பண்ணப்போகிறவர்கள் சொல்லுங்க பார்ப்போம்.

எங்களுக்கு மதுராந்தகம் பக்கம் இரண்டு ஏக்கர். அந்தப் பக்கம் டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் சம்பா அறுப்பும் நவரை நாற்றங்காலும் ஒன்றின்மேல் ஒன்று விழும் காலம். கம்பெனிகளில் எல்லோரும் லீவு போடும் அதே நாட்கள். அறுப்பு மிஷினுக்குச் சொல்லிவைக்கணும், நெல்லைக் காயவைக்கணும், கொள்முதல் நிலையத்தில் குவியலுக்குக் காவல் இருக்கணும். மும்முனை கரண்ட் நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் எழுந்து மோட்டார் போடணும். இது அப்பா கணக்கு. அம்மா கணக்கு தனி. இரண்டு கறவை மாடு. காலையும் மாலையும் கறந்து சொசைட்டியில் ஊற்றணும். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. சொந்தத் தம்பி மகள் கல்யாணமானாலும் அம்மா சாயங்காலக் கறவைக்குள் திரும்பிவிடுவார்.

பாலி போட்டோக்களை அம்மாவிடம் காட்டினேன். படிவயலைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எம்மாம் மேடு! இதுல யாருடா ஏறி களை எடுப்பாங்க?" கூடப்போன எட்டுப் பேரில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி.

களை எடுப்பவர்கள் நம் கனவில் வருவதே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம், விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம். ஆனால் விவசாயத்துக்குத் திரும்புகிறேன் என்பவர் எவரும் கூலியாகத் திரும்புவதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நிலம் அப்பா பேரில், வேலை வேறொருவர் கையில், நிம்மதி மட்டும் நமக்கு. வருஷா வருஷம் ஹைக் கேட்கும் அதே வாய், நடவுக்கு வரும் பெண்கள் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டால், "நூறு நாள் வேலை எல்லாரையும் சோம்பேறி ஆக்கிடுச்சு" என்கிறது. இதற்குப் பெயர் மண்ணுக்குத் திரும்புதல் இல்லை, பண்ணையார் ஆகும் ஆசை.

இன்னொன்று. ஊருக்குப் போகாமலே நாம் விவசாயத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறோம். என் ஃப்ளாட்டின் தாய்ப்பத்திரத்தில் நிலத்தின் வகை 'நஞ்சை'. ஓஎம்ஆர் அடுக்ககங்களுக்கு வரும் லாரித் தண்ணீர், சுற்றியுள்ள கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்தும் இறைக்கப்படுகிறது. ஒருவர் கிணறு லாரிக்குப் போனால் பக்கத்து வயல்காரர் கிணறும் இறங்கும். சுபாக் போல உட்கார்ந்து பேச அங்கே யாரும் இல்லை. நாம் ஷவரில் நிற்கிறோம், அவ்ளோதான். பாலியின் தண்ணீர்ப் பங்கீட்டை வியந்துவிட்டு வந்தவர்கள், தங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் "நம்ம லாரி எந்தக் கிணத்துல நிரப்புது?" என்று ஒருமுறை கேட்கலாம்.

பாலிக்குப் போங்கள். யாரும் குற்றவாளி இல்லை. கடல் பார்ப்பது பாவமில்லை. ஆனால் லீவு என்பது வருஷத்துக்கு இத்தனை நாள் என்று நம் ஆஃபர் லெட்டரில் அச்சடித்து வந்த உரிமை. அதே உரிமை வீட்டில் அம்மாவுக்கும் வயலில் நடவுப் பெண்களுக்கும் எழுதித்தரப்படவில்லை. வயலை நேசிப்பதாகச் சொல்பவர்கள் அடுத்த வருஷ லீவில் பாதியை அறுப்புக்கு வைக்கட்டும். கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கட்டும். ஏரிச் சங்கக் கூட்டத்தில் கடைசி வரிசையிலாவது உட்காரட்டும். அந்த ஒரு வாரம் அம்மா ராமேஸ்வரமோ குற்றாலமோ, அவர் சொல்லும் ஊருக்குப் போய்வரட்டும்.

அதற்கு வீட்டில் யாராவது மாடு கறக்க வேண்டும். முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். ராஜினாமா கடிதம் அப்புறம் எழுதலாம்.