ஓர் அடி

சாந்தோமிலிருந்து நந்தனம் வெகு தூரமில்லை. அங்கே கோல்ப் மைதானம் ஒன்று இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கனவான்களின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிட்ட அந்த ஆட்டத்தையே பெங்களூர்ப் பெண் ஸ்ரீமதி அதிதி அசோக் தமது ஜீவனத் தொழிலாக வரித்துக்கொண்டார். 2016-ல், 18-வது பிராயத்தில், ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். அவ்வருஷமே இந்திய ஓபன் போட்டியில் வென்று, ஐரோப்பிய மகளிர் தொழில்முறைப் பந்தயங்களில் வாகை சூடிய முதல் இந்தியரானார். 2021-ல் டோக்கியோவில் நான்கு நாட்களில் 269 அடிகளில் ஆட்டத்தை முடித்தார். 268-க்குப் பதக்கம் கிடைத்தது. ஓரடியில் நான்காமிடம்!

ரியோவில் தகப்பனாரும் டோக்கியோவில் தாயாரும் மட்டைப் பையைச் சுமந்து உடன் நடந்தார்கள். பெண் வென்றால் கை தட்டுவதற்கு ஊரே திரண்டு வரும். பை சுமப்பதற்கு வீடுதான் வரவேண்டும். நம் வீடுகள் தயாரா?