இசைத்தட்டும் ஏடே

கரையான் அரித்த ஏட்டுக்கு இரங்குகின்ற தமிழர், உடைந்துபோன இசைத்தட்டுக்கு இரங்குவதில்லை. ஓலைச்சுவடியைக் கண்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கை, பாட்டனார் வாங்கி வைத்த தட்டுகளைப் பழம்பொருள் வாங்குவோனிடம் எடைக்குப் போட்டுவிடுகிறது. தாமோதரனார் கலித்தொகையையும் சாமிநாதர் சிந்தாமணியையும் அச்சேற்றியது 1887-ஆம் ஆண்டு. அதே ஆண்டில்தான் எமில் பெர்லினர் என்பார் அமெரிக்காவில் கிராமபோன் என்னும் ஒலிப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். ஓலையிலிருந்த சொல் தாளுக்கு ஏறத் தொடங்கிய காலத்திலேயே, மிடற்றிலிருந்த ஒலி தட்டுக்கு ஏறத் தொடங்கிவிட்டது. முன்னதைத் தேடி ஊரூராக அலைந்தோரை இவ்வினம் போற்றுகிறது. பின்னதைத் தேடிப் பழைய கடைகளில் அலைவோரைப் பித்தர் என்கிறது.

செங்கோட்டைக் கிட்டப்பாவை எடுத்துக்கொள்க. 1906-இல் பிறந்து 1933 திசம்பரில் மறைந்த அவர் வாழ்ந்தது இருபத்தேழு அகவையே. தமிழில் பேசும்படம் 1931-இலேயே வந்துவிட்டது. எனினும் அவர் எந்தப் படத்திலும் நடித்தாரல்லர். அவருடைய நாடகத்தைக் கொட்டகையில் அமர்ந்து பார்த்தவர் எவரும் இன்று எஞ்சியிருக்க வழியில்லை. ஆயினும், ஒலிபெருக்கியின் துணையின்றிக் கடைசி வரிசைக்கும் எட்டிய அக்குரலை இன்றும் ஒருவன் தன் வீட்டில் அமர்ந்து கேட்கலாம். கரணியம் அரக்குத் தட்டுகள் சில. பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமையம் ஓடும் அத்தட்டுகளே அவருடைய கலையில் எஞ்சியவை. அவற்றை வாங்கி வைத்திருந்த இல்லங்களும், பின்னர்த் தேடித் திரட்டிய ஆர்வலரும் இல்லாதிருந்தால் கிட்டப்பா என்பது நாடக வரலாற்றில் ஒரு வெறும் பெயராய் நின்றிருக்கும். அவருடைய துணைவியார் சுந்தராம்பாளுக்குப் பிற்காலத் திரைப்படங்கள் சான்றாக உள்ளன. ஆனால் அவருடைய இளமைக் குரலுக்குத் தட்டே சான்று.

பேசும்படங்களின் நிலையும் இதுவே. முதற் பேசும்படமாகிய காளிதாசின் படச்சுருள் இன்று இல்லை. அதனைத் தொடர்ந்து பத்தாண்டுகளில் வந்த படங்களுள் பெரும்பாலானவையும் இல்லை. படம் போனது, நடித்தவர் போயினர், அப்படங்கள் சிலவற்றின் பாட்டு மட்டும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கிறது.

இத்தட்டு எதனால் ஆனது என்பதைப் பலரும் அறியார். மரத்தில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் அரக்கே அதன் உயிர்ப்பொருள். கற்பொடியும் கரியும் கலந்து, சூட்டில் இளக்கி அழுத்தினால் தட்டு. தொடக்கத்தில் இங்குப் பாடியவை செருமனி நாட்டின் அனோவர் நகருக்குக் கப்பலேறித் தட்டாகித் திரும்பின. 1908-இல் கல்கத்தாவில் ஆலை எழுந்த பின்னரே இந்நாட்டிலேயே தட்டு வார்த்தனர். அரக்கு எளிதில் உடையும், வெயிலில் நெளியும், ஈரத்தில் பூஞ்சை பூக்கும். ஊசியோ இரும்பு. ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி இடவேண்டும் என்பது முறை. ஓர் ஊசியைக் கொண்டு ஒரு திங்கள் ஓட்டிய இல்லங்களே மிகுதி. அதனால் மிகுதியும் விரும்பிக் கேட்ட பாட்டே மிகுதியும் தேய்ந்து போயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது அரக்குத் தட்டுப்பாடு நேர, மேலைநாடுகளில் பழைய தட்டுகளைத் திரட்டிப் புதுத் தட்டுக்கு மூலப்பொருளாக்கினர். அங்கேயே அந்நிலை எனில், போற்றுவாரற்ற தமிழ்த் தட்டின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, தனித்தமிழ் அன்பர்களே எழுப்பும் தடை ஒன்று உண்டு. "அப்பாட்டுகளில் பாதி வடசொல், கிட்டப்பாவே தெலுங்குக் கீர்த்தனைகளையும் பாடித் தட்டில் பதித்தார், கலப்பு மொழியின் குப்பையை ஏன் காக்க வேண்டும்?" என்பர். சங்கரதாச அடிகளாரின் நாடகப் பாடல்களிலும் மதுரகவி பாசுகரதாசரின் இசைத்தட்டுப் பாடல்களிலும் கலப்பு உண்டு என்பது மெய். அதற்காக அவற்றை அழியவிடுவது மடமை. பல்லவர் கல்வெட்டில் கிரந்த எழுத்து விரவியிருப்பதனால் எவரும் கல்லைச் செதுக்கி எறிவதில்லை. எவ்வளவு கலப்பு, எப்பொழுது, எவர் வாயில், எவ்வகைப் பாட்டில் என்பதைக் காட்டும் சான்று கையில் இருந்தால்தான் தமிழ் மீண்ட வரலாற்றை எழுத முடியும். நோயின் ஏட்டைக் கிழித்துவிட்டு நலம் பெற்றதை எங்ஙனம் மெய்ப்பிப்பது?

மேலும், அத்தட்டுகள் தமிழுக்கு மாறான சான்று அல்ல. இசையரங்குகளில் தமிழ்ப்பாட்டு துக்கடா என்று இறுதியில் ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது. அண்ணாமலையார் முயற்சியால் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது 1943-இல்தான். அதற்கு முன்னரே, கடைக்கு வந்து காசு கொடுத்தவன் தமிழ்ப்பாட்டைக் கேட்டு வாங்கிச் சென்றிருக்கிறான். தமிழில் பாடினால் இசை சிறக்காது என்று அரங்கில் பேசியோர்க்கு விடை, அங்காடியில் அரக்கு வடிவில் விற்றுக்கொண்டிருந்தது. தட்டின் நடுவில் நாய் அமர்ந்து குரல் கேட்கும் படம் இருக்கும். நாய்க்குக் கேட்டது அவர்களுக்குக் கேட்கவில்லை போலும்.

ஒலிப்பு வேறு. மேடையில் ஒலிபெருக்கி இல்லாத நாளில் பாடியோர்க்கு எழுத்தை விழுங்கிப் பாட இயலாது. ழகரம் ழகரமாகவும், றகரம் றகரமாகவும் ஒலித்தால்தான் சொல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும். நல்ல நாடகக் கலைஞர் ஒருவரின் தட்டைக் கேட்பிக்கும் தமிழாசிரியர், ஒலிப்பிலக்கணம் நடத்துவதற்கு அதனினும் சிறந்த துணைக்கருவியைத் தேட வேண்டியதில்லை.

தட்டுகளைத் திரட்டுவோர் இன்று ஒருவகையில் நற்பேறு உடையர். கணினியில் ஏற்றி இணையத்தில் இட்டால் உலகத் தமிழர் அனைவரும் கேட்பர். பலர் அவ்வாறே செய்கின்றனர், அது பெருந்தொண்டு. ஆயின் அத்தொண்டினூடே நிகழும் கேடுகளைச் சொல்லாமல் விடலாகாது. முதற்கேடு, பாட்டின் பெயரையும் பாடினோர் பெயரையும் ஆங்கில எழுத்தில் பொறிப்பது. அழகும் அளகும் அலகும் அவ்வெழுத்தில் ஒன்றாகிவிடும். வலி, வளி, வழி மூன்றும் ஒரே வடிவம் பெறும். தேடுவோன் தமிழெழுத்தில் தேடினால் பாட்டு கிட்டாது. ஆங்கில எழுத்தில் தேடினாலோ, இட்டவர் எந்த எழுத்துக்கூட்டலைக் கையாண்டார் என்று குறி கேட்க வேண்டும். தமிழ்ப்பாட்டு, தமிழர் பாடியது, தமிழர் திரட்டியது, தமிழர்க்கே இடுவது. இடையில் ஆங்கில எழுத்துக்கு என்ன வேலை?

அடுத்தது, தட்டின் உடலைப் பதியாமல் உயிரை மட்டும் பதிவது. ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒட்டுத்தாள் உண்டு. அதில் நிறுவனத்தின் பெயர், தட்டின் எண், பாடியவர், பண், தாளம், சிலவற்றில் பாட்டியற்றினோர் பெயர் ஆகியவை இருக்கும். ஒட்டுத்தாளை அடுத்த அரக்கின் மேல் பொறித்திருக்கும் எண்ணோ பதிவு நடந்த வரிசையைக் காட்டும். ஆண்டு அறியாத தட்டுக்கு அவ்வெண்ணைக் கொண்டே ஆண்டு கணிப்பர். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, "பழைய அரிய பாடல்" என்று தலைப்பிட்டு ஏதோ ஒரு பூவின் படத்தை ஒட்டி இடுகின்றனர். 1902-இல் கல்கத்தாவில் பாடிய கௌகர் சான் என்னும் அம்மையார், பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வார். தொலைநாட்டில் தட்டு வார்ப்போர் ஆள் மாறாமல் ஒட்டுத்தாள் இடுவதற்கு அந்த ஏற்பாடு. ஏட்டின் இறுதியில் எழுதினோன் பெயர் இருப்பது போன்றது அது. அத்தகைய பகுதிகளை இரைச்சல் என்று கருதி வெட்டிவிடுவோர் இன்று உளர்! வேறு சிலர், பாட்டின் நடுவே தம் பெயரைத் தாமே ஒலித்துப் புகுத்தி வைக்கின்றனர். ஏடு படி எடுத்தவன் செய்யுள் நடுவே தன் பெயரை நுழைத்தால் பொறுப்பரோ?

விரைவைப் பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். நிமையத்துக்கு 78 சுற்று என்பது பிற்பாடு நிலைபெற்ற அளவு. தொடக்க காலத் தட்டுகள் சில அதற்குக் குறைந்தும் சில மிகுந்தும் பதிவானவை. எல்லாவற்றையும் ஒரே விரைவில் ஓட்டினால் குரல் மாறும். நான்கைந்து சுற்று கூடினாலே அரைச்சுரம் ஏறிவிடும். அப்படி ஏறிய பதிவைக் கேட்டு, "அந்தக் காலத்தார் எவ்வளவு உச்சத்தில் பாடினர்!" என்று வியப்பதும், அதனையே இசை ஆராய்ச்சியில் சான்றாக வைப்பதும் நகைப்புக்கு இடமானவை.

இவற்றினும் கொடியது பூட்டி வைத்தல். திரட்டியவற்றைத் தாமும் இடார், பிறர் படியெடுக்கவும் ஒட்டார். உலகில் தம்மிடம் ஒன்றே உள்ளது என்னும் பெருமை அவர்க்குப் பாட்டினும் இனிக்கிறது. ஒரே ஒரு படி என்பது பெருமையன்று, இடர். ஒரு குழந்தையின் கை தவறினால் போதும். யாழ் நூலகத்தில் 97,000 நூல்கள் 1981-இல் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகள் மீளாமலே போயின என்பதைத் தமிழர் மறத்தல் ஆகாது. ஈழத்து நூல்களை 2005 முதல் இணையத்தில் எவரும் படிக்க இட்டுவரும் நூலகம் என்னும் அமைப்பின் உழைப்பு அவ்வழிவு தந்த பாடத்தை நன்கு உணர்ந்தது.

பாரதியார் பாடல்களின் கதை இங்கு நினையத்தக்கது. அவருடைய பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை தனியார் கைக்கு விற்கப்பட்டுக் கைமாறி, இறுதியில் மெய்யப்பரிடம் வந்து நின்றது. நாட்டுக்குப் பாடியவன் பாட்டை நாட்டார் பாடுவதற்கு ஒருவரிடம் இசைவு கேட்க வேண்டிய நிலை. எதிர்ப்பு எழுந்தது, 1949-இல் சென்னை அரசு உரிமையை எடுத்துக்கொண்டது, மெய்யப்பரும் தம் உரிமையை விலை பெறாமல் விட்டுக்கொடுத்தார். உரிமை கொண்டிருந்தவரே விட்டார். உரிமையே இல்லாமல் தட்டை மட்டும் வைத்திருப்போர் விட மறுக்கின்றனர்.

சட்டத்தைக் காட்டி அஞ்சுவோர்க்கு ஒரு சொல். இந்நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளிவந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டில் முடியும். பாட்டியற்றினோர் உரிமை அவர் மறைந்த பின் 60 ஆண்டு நிற்கும். 1922-இல் மறைந்த சங்கரதாசர்க்கும் 1952-இல் மறைந்த பாசுகரதாசர்க்கும் அக்கெடு கடந்துவிட்டது. 1930-களின் தட்டைத் தடுக்க ஒலிப்பதிவுரிமை எவரிடமும் இல்லை. பிற்காலத்தனவற்றில் மட்டும் விழிப்பு வேண்டும். அமெரிக்காவில் இணைய ஆவணகம் நடத்திய பழந்தட்டுத் திட்டத்தின் மேல் பெருநிறுவனங்கள் 2023-இல் தொடுத்த வழக்கு, 2025-இல்தான் இணக்கத்தில் முடிந்தது.

வானொலியின் நிலை தட்டினும் இரங்கத்தக்கது. சென்னை நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் தோன்றின. அறிஞர் பேசினர், கலைஞர் நடித்தனர், பாடினர். ஒலி காற்றோடு போயிற்று. ஒலிநாடா வந்த பின்னும், விலை மிகுதியால் ஒன்றை அழித்து அதன்மேல் மற்றொன்றைப் பதிவது உலகெங்கும் நிலையங்களின் வழக்கமாய் இருந்தது. பேச்சுகள் சில அச்சில் உள்ளன. பேசிய குரல் இல்லை. வானொலி என்னும் அழகிய தமிழ்ச்சொல் எங்ஙனம் மக்கள் நாவில் ஏறிற்று என்பதை அக்கால அறிவிப்புகளின் பதிவே காட்டும். 2023-இல் ஆகாசவாணி என்னும் பெயரே எங்கும் வழங்கவேண்டும் என்று ஆணை வந்தபோது, அச்சொல்லின் உரிமையை நிலைநாட்ட இத்தகைய ஒலிச்சான்று எவ்வளவு துணை செய்திருக்கும்!

இலங்கை வானொலியைத் தமிழகத்தார் மறக்க இயலாது. 1952-இல் அமைச்சரான கேசுகர் திரைப்பாட்டை இந்திய வானொலியில் ஒடுக்கியபோது, தமிழகத்து வீடுகளின் முள் கொழும்புக்குத் திரும்பியது. 1957-இல் விவித பாரதி தொடங்கிய பிறகும் பலர் அம்முள்ளைத் திருப்பவில்லை. அங்குத் திரைப்பாட்டு மட்டுமா ஒலித்தது? இலண்டன் கந்தையா, கோமாளிகள் கும்மாளம் முதலிய வானொலி நாடகங்களில் ஈழத்துப் பேச்சுத்தமிழ் உயிரோடு நடமாடியது. ஊர்ப்பெயர்களும் உறவுப்பெயர்களும் கேலியும் அங்கு ஒலித்தபடியே எந்த அகரமுதலியிலும் கிடையா. பின்னாளில் வீடுகளில் ஒலிநாடாப் பொறி வந்தபோது, வானொலியின் முன் அதனை வைத்து, "ஓசை எழுப்பாதீர்" என்று வீட்டாரை அடக்கிப் பதிந்து வைத்த நேயர் பலர். நிலையங்கள் அழித்தவற்றுள் சில அந்நாடாக்களில் இருக்கக்கூடும்.

தட்டுக்கு நூறாண்டு வாழ்வு உண்டு. நாடாவுக்கு அத்துணை இல்லை. அதன் மேற்பூச்சு உதிரும், ஒன்றோடொன்று ஒட்டும், ஓட்டும் பொறியும் இன்று கடையில் அரிது. பதிந்தவர்களும் முதுமை எய்திவிட்டனர். எந்த நாடாவில் எது உள்ளது என்பது அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது. உறையின் மேல் பெரும்பாலும் ஒன்றும் எழுதியிருப்பதில்லை.

கோட்டையூர் முத்தையா பெயர்ப்பலகை எழுதும் கலைஞர். பல்கலைக்கழகங்கள் செய்யாததைத் தனி ஒருவராய்ச் செய்து, தமிழ் அச்சுச் செல்வத்தைத் தம் வீட்டில் குவித்தார். 1992-இல் அவர் மறைந்த பின் அத்திரட்டு சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் துணையால் சென்னையில் 1994 முதல் ஆய்வு நூலகமாய் நிற்கிறது. மும்பையில் 1990-இல் தோன்றிய இசைத்தட்டுத் திரட்டுநர் கழகம் ஓடியன் நிறுவனத் தட்டுகளைப் பிரித்தானிய நூலகத்தின் துணையோடு கணினியில் ஏற்றியது. அந்நிறுவனத்தின் தமிழ்த் தட்டுகளைச் சென்னை மவுண்டு சாலையில் விற்றவர் தமிழரே. அவற்றைக் காக்கும் முயற்சி மும்பையில் தொடங்கிற்று. பணம் இலண்டனிலிருந்து வந்தது. தமிழகத்துச் சிற்றூர்ப் பரண்களில் எவ்வளவு உள்ளது என்று எண்ணிப் பட்டியலிடும் வேலையையாவது தமிழ் மன்றங்கள் மேற்கொள்ளலாம். ஒரு குறிப்பேடும், தட்டின் ஒட்டுத்தாளைப் பார்த்துப் பிழையின்றித் தமிழில் எழுதும் ஒரு மாணவனும் போதும்.